கேக்கில் சர்க்கரைக்குப் பதிலாக எதைப் போடுவது?

தேன் போடலாமா? ஸ்டீவியா என்றால் எவ்வளவு? சர்க்கரை போலவே இருக்கும் எரித்ரிட்டால் பொடி நல்லதா, இதயத்துக்குக் கெடுதல் என்கிறார்களே? வீட்டில் பேக்கிங் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே ஒரு பொருளின் பெயரைச் சொல்லிப் பதிலை முடித்துவிடுபவரை நான் நம்புவதில்லை. யாருக்காகச் செய்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுச் சர்க்கரையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு பொருளை வைக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலான ‘சுகர் ஃப்ரீ’ கேக்குகள் கெட்டுப்போகின்றன. சர்க்கரையைக் குறைப்பது, பாதியை மட்டும் மாற்றுவது, இரண்டு மூன்று மாற்றுகளைக் கலப்பது ஆகிய வழிகள்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. காரணம், சர்க்கரை ஓவனுக்குள் செய்வது ஒரு வேலை அல்ல.

## சர்க்கரை உள்ளே என்ன செய்கிறது

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெய்க்குள் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் இந்தக் குட்டிக் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. படிகம் இல்லையென்றால் காற்று குறைவு, கேக் தட்டை.

மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதமான குளூட்டன் வலை பின்ன ஆரம்பிக்கும். சர்க்கரை அந்த நீரில் தனக்கும் பங்கு எடுத்துக்கொள்வதால் வலை இறுகாமல் தளர்வாக இருக்கிறது. மாவுச்சத்து வெந்து கெட்டியாகும் சூட்டையும் முட்டைப் புரதம் உறையும் சூட்டையும் சர்க்கரை கொஞ்சம் மேலே தள்ளிவைக்கிறது. கேக் இறுகுவதற்கு முன் உப்புவதற்கு அவகாசம் கிடைப்பது இதனால்தான். சர்க்கரை இல்லாத கேக் சீக்கிரம் இறுகி, குள்ளமாக, ரப்பர் போல வருவதன் ரகசியமும் இதுவே.

வெந்த பிறகும் வேலை முடியவில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துக் கேக்கை மறுநாளும் மிருதுவாக வைத்திருப்பது, அதே நீரைப் பூஞ்சைக்குக் கிடைக்காமல் கட்டிப்போடுவது, குக்கீஸைத் தட்டில் பரவவிட்டு ஓரத்தை மொறுமொறுவென்று ஆக்குவது, மேலே பொன்னிறம் ஏற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு.

எடையையும் மறந்துவிடக் கூடாது. 250 கிராம் மாவும் 200 கிராம் சர்க்கரையும் போகிற கேக்கில், உலர்ந்த பொருளில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். அதை எடுத்துவிட்டு ஒரு சிட்டிகை ஸ்டீவியா போட்டால் இனிப்பு சரியாக இருக்கும். கேக்கில் பாதியைக் காணோம்.

## முதலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்

எதற்காகச் சர்க்கரையை விடுகிறீர்கள்? இதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீட்டில் நீரிழிவு உள்ளவருக்காக என்றால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாத பொருள் வேண்டும். அங்கே தேனுக்கு வேலை இல்லை. ‘ரீஃபைன்ட்’ பொருள் வேண்டாம் என்பது மட்டுமே காரணம் என்றால் தேனும் பேரீச்சையும் போதும். எரித்ரிட்டாலுக்கு வேலை இல்லை. இந்த இரண்டு நோக்கங்களையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நீரிழிவுக்காக மாற்றுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கேக்கை 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சர்க்கரை 16, 17 கிராம். மாவில் கார்போஹைட்ரேட் முக்கால் பங்கு என்று வைத்தால், அதே துண்டில் மாவிலிருந்து வருவது 15, 16 கிராம். சர்க்கரையைச் சுத்தமாக எடுத்தாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் சரக்கில் பாதி அப்படியே உள்ளே இருக்கிறது. ‘சர்க்கரை இல்லாதது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று மூன்று துண்டு வைத்துக்கொடுத்தால், சாதாரணக் கேக்கில் ஒரு துண்டு கொடுத்ததைவிட அதிகம் கொடுத்ததாகிவிடும். மாவில் ஒரு பகுதிக்குப் பாதாம் மாவு சேர்ப்பது, துண்டைச் சின்னதாக வெட்டுவது ஆகியவையும் சர்க்கரை மாற்றைப் போலவே முக்கியம்.

எடை குறைப்பதற்காக என்றால் ஒரு தகவல். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஸ்டீவியா, சுக்ரலோஸ், அஸ்பர்ட்டேம் போன்றவற்றைப் பற்றியது அது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் (பெயரில்தான் ஆல்கஹால், இவை போதை தராத இனிப்புப் பொருட்கள்) அதில் சேரவில்லை.

என்ன செய்கிறீர்கள்? ஈரமான வாழைப்பழ மஃபினில் சர்க்கரையை மாற்றுவது சுலபம். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் சுடும் மெரிங்கில் மாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பண்டத்தில் சர்க்கரை எவ்வளவு கட்டுமான வேலை செய்கிறதோ, அவ்வளவு சிரமம்.

யார் வயிறு? குழந்தைகளும் வயிற்றுக் கோளாறு உள்ளவர்களும் சாப்பிடப் போகிறார்களா என்று பாருங்கள். வீட்டில் நாய் இருக்கிறதா என்பதும் இந்தக் கேள்வியில் சேர்த்திதான். காரணம், சைலிட்டால் என்ற மாற்றைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

நாக்கு என்ன சொல்லும்? சிலருக்கு ஸ்டீவியாவின் கசப்பு தெரியவே தெரியாது. சிலருக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? டப்பாவின் விலை மட்டும் செலவு அல்ல. சர்க்கரையில் 70 சதவீதமே இனிப்புள்ள பொருளை அதிகமாகப் போட வேண்டும். ஈடுகட்டக் கூடுதலாக முட்டை, வெண்ணெய், பாதாம் மாவு கேட்கும். கேக் இரண்டே நாளில் உலரும் அல்லது பூஞ்சை பிடிக்கும். இவையெல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

## ஒரே பார்வையில்

| பொருள் | இனிப்பு (சர்க்கரை = 1) | கிராமுக்குக் கலோரி | எடை தருமா | பொன்னிறம் | முக்கியச் சிக்கல் |
|---|---|---|---|---|---|
| சர்க்கரை | 1 | 4 | தரும் | உண்டு | ரத்தச் சர்க்கரை, கலோரி |
| தேன் | சற்றுக் கூடுதல் | 3 | தரும், நீரோடு | வேகமாக | உடலுக்கு இதுவும் சர்க்கரையே |
| பேரீச்சை விழுது | குறைவு | நீரைப் பொறுத்து | தரும் | உண்டு | நிறம், கனம் |
| எரித்ரிட்டால் | 0.6 – 0.7 | 0 – 0.2 | தரும் | இல்லை | நறநறப்பு, குளிர்ச்சி |
| சைலிட்டால் | 1 | 2.4 | தரும் | இல்லை | நாய்க்கு விஷம், வயிறு |
| மால்டிட்டால் | 0.9 | 2.1 – 2.4 | தரும் | மிகக் குறைவு | ரத்தச் சர்க்கரை, வயிறு |
| அல்லுலோஸ் | 0.7 | 0.4 | தரும் | மிக வேகமாக | விலை, கிடைப்பது |
| ஸ்டீவியா | 200 – 300 | 0 | தராது | இல்லை | கசப்பு |
| மாங்க் ஃப்ரூட் | 100 – 250 | 0 | தராது | இல்லை | பிற பொருள் சேர்ந்த கலவைகள் |
| சுக்ரலோஸ் | 600 | 0 | தராது | இல்லை | அதிகச் சூடு |

## சர்க்கரையையே குறைத்துப் போடுவது

இதை ஒரு ‘மாற்று’ என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் முதலில் சேர்ப்பேன். சாதாரண வெண்ணெய்க் கேக், மஃபின், பிரவுனி எதிலும் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கைக் குறைத்தால் அமைப்பில் பெரிய சேதம் வராது. 200 கிராம் என்றால் 150. மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் பல கேக்குகள் தாங்கும். மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் உலரும், அவ்வளவுதான். வனிலா, லவங்கப்பட்டை, ஆரஞ்சுத் தோல் துருவல் மூன்றும் இல்லாத இனிப்பை இருப்பதுபோல் காட்டும். ஒரு சிட்டிகை உப்பும் அப்படியே.

ஐசிங் போடும் வழக்கமுள்ளவர்கள் முதலில் அங்கே கை வைக்கட்டும். பட்டர்கிரீமில் வெண்ணெயைப் போல இரண்டு மடங்கு எடை ஐசிங் சர்க்கரை போகிறது. கேக்கில் கஷ்டப்பட்டு 50 கிராம் மிச்சம் பிடித்துவிட்டு, மேலே 400 கிராம் பூசினால் என்ன லாபம்?

ஆரோக்கியமான குடும்பத்துக்கு எப்போதாவது கேக் செய்பவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக எதையும் வாங்க வேண்டாம், பின்சுவை இல்லை, வயிற்றுத் தொல்லை இல்லை. நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் இது போதாது.

## தேன், சிரப், பழுப்பு வகைகள்

ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் என்பது வழக்கமான அளவு. முக்கால் கப் தேன் சுமார் 255 கிராம் எடை. அதில் ஏறத்தாழ 775 கலோரி. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதிலும் ஏறத்தாழ 775 கலோரி. கால் கப் குறைத்த திருப்தி மட்டும்தான் மிச்சம். தேனையும் மேப்பிள் சிரப்பையும் உலகச் சுகாதார நிறுவனம் சர்க்கரையோடு சேர்த்தே எண்ணுகிறது. நாள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு இவற்றுக்கும் சேர்த்துத்தான்.

தேங்காய்ச் சர்க்கரை, வெல்லம், பழுப்புச் சர்க்கரை எதிலும் கலோரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இருக்கும் தாதுக்கள் ஒரு துண்டுக் கேக்கில் கணக்கில் வராத அளவு. ஆனால் ருசிக்காக இவற்றைப் போடுகிறேன் என்றால் முழு ஆதரவு உண்டு. இஞ்சி, லவங்கப்பட்டை சேர்ந்த கேக்குக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட இவைதான் பொருத்தம்.

தேன் போடுவதாக இருந்தால் மூன்று திருத்தங்கள் தேவை. தேனில் 17, 18 சதவீதம் நீர் இருப்பதால், ஒரு கப் சர்க்கரையை மாற்றும்போது மற்ற திரவத்தில் கால் கப் குறைக்க வேண்டும். தேன் புளிப்புத்தன்மை உள்ளது. கால் டீஸ்பூன் சமையல் சோடா அதைச் சரிக்கட்டும். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம் என்பதால் சீக்கிரம் கருகும். ஓவன் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் இறக்குங்கள். வெண்ணெயோடு அடித்துக் காற்று ஏற்றும் கேக்குக்கும், மொறுமொறு பிஸ்கட்டுக்கும் தேன் ஒத்துவராது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த பண்டம் கொடுக்கவே கூடாது. போட்டுலிசம் நோயை உண்டாக்கும் நுண்விதைகள் வீட்டு ஓவன் சூட்டில் சாவதில்லை.

## பேரீச்சை, வாழைப்பழம், ஆப்பிள் கூழ்

100 கிராம் பேரீச்சையில் சுமார் 65 கிராம் சர்க்கரையும் 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஆக இதுவும் சர்க்கரைதான், ஆனால் நாரோடும் ருசியோடும் வருகிற சர்க்கரை. 200 கிராம் பேரீச்சையைக் கொட்டை நீக்கி, 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்து நைசாக அரைத்தால் 200 கிராம் சர்க்கரைக்குப் பதிலாகப் போடலாம்; சர்க்கரை 130 கிராமாக இறங்குகிறது. செய்முறையில் உள்ள பாலை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

பிரவுனி, மஃபின், ஓட்ஸ் பார் இவற்றுக்கு அருமை. வெள்ளையாக, பஞ்சாக வரவேண்டிய ஸ்பாஞ்ச் கேக்குக்கு வேண்டவே வேண்டாம்: பழுப்பாக, கனமாக வரும். ஆப்பிள் கூழில் நீர்தான் அதிகம். அது சர்க்கரைக்கு மாற்று என்பதைவிடக் கொழுப்புக்கு மாற்று என்றே சொல்லலாம்.

## எரித்ரிட்டால்

இப்போது அதிகம் விற்பதும், அதிகம் சண்டை நடப்பதும் இதைப் பற்றித்தான். பார்க்க அப்படியே சர்க்கரை. கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம், ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. சாப்பிட்டதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு மாறாமல் சிறுநீரில் போய்விடுவதால், மற்ற சர்க்கரை ஆல்கஹால்களைவிட வயிற்றுக்குச் சாது.

ஓவனில் அதற்குச் சில குணங்கள் உண்டு. 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். ஆனால் ஆறியதும் திரும்பப் படிகமாகும் ஆசை அதை விடாது. செய்த அன்று நன்றாக இருந்த கேக் மறுநாள் மணல் கடித்தது போல நறநறப்பதற்கு இதுவே காரணம். கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுப்பதால் வாயில் புதினா சாப்பிட்டது போன்ற குளிர்ச்சி வேறு. சாக்லேட் கேக்கில் அது உறுத்தாது. வனிலா கேக்கில் உறுத்தும். நிறமும் பிடிக்காது: வெந்துவிட்டதா என்று மேற்புறத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள், குச்சியைக் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

மிக்ஸியில் பொடித்துச் சலித்துப் போடுவது நறநறப்பைப் பாதி குறைக்கும். முழு அளவையும் இதனால் நிரப்பாமல் இருப்பது மீதிப் பாதியைக் குறைக்கும்.

அளவு பற்றி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 இறுதியில், பேதி ஆகாமல் இருப்பதை அடிப்படையாக வைத்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 கிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். நம் கேக்கில் 200 கிராம் எரித்ரிட்டால் போட்டால் துண்டுக்கு 17 கிராம் வருகிறது. இரண்டாவது துண்டிலேயே வரம்பு தாண்டிவிடும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 10 கிராம். ஒரு துண்டே அதிகம். பிறந்தநாள் கேக்கை முழு எரித்ரிட்டாலில் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டாலே போதும்.

இதயம் பற்றிய பயம் 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்விலிருந்து தொடங்கியது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன என்றது அது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இதய நோய் ஆபத்து உள்ளவர்கள். நம் உடலே குளுக்கோஸிலிருந்து கொஞ்சம் எரித்ரிட்டாலைத் தயாரிக்கிறது. ஆகவே சாப்பிட்ட எரித்ரிட்டால்தான் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் அதை உட்கொண்டதும் ரத்தத் தட்டணுக்கள் உறையும் போக்கு கூடுவதாகப் பிறகு ஒரு சிறிய சோதனையும் காட்டியது. என் நிலைப்பாடு: இதய நோய் உள்ளவருக்குத் தினமும் செய்து கொடுக்கமாட்டேன். மற்றவர்களுக்கு எப்போதாவது, அரைப் பங்கு அளவில் போடத் தயங்கமாட்டேன்.

## சைலிட்டால், மால்டிட்டால்

சைலிட்டாலின் பெரிய வசதி, சர்க்கரைக்குச் சமமான இனிப்பு. கிராமுக்குக் கிராம் மாற்றலாம், பல்லுக்கும் நல்லது. கலோரி சர்க்கரையில் சுமார் 60 சதவீதம். ஆனால் நாய்க்கு இது விஷம்: சிறிய அளவே ரத்தச் சர்க்கரையைச் சரசரவென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். கீழே விழுந்த ஒரு துண்டு குக்கீஸ் போதும். வீட்டில் நாய் இருந்தால் இந்தப் பொருளைச் சமையலறைக்குள் கொண்டுவராமல் இருப்பதே சரி. இதற்கும் எரித்ரிட்டாலுக்கு வந்தது போன்ற இதய ஆய்வு 2024இல் வந்திருக்கிறது.

மால்டிட்டால் கடைச் ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் அதிகம் இருப்பது. அமைப்பில் சர்க்கரைக்கு மிக நெருக்கம், நறநறப்பும் குறைவு. ஆனால் பொடியின் கிளைசீமிக் குறியீடு (ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற அளவு) 35 வாக்கிலும், சிரப்பினுடையது 50க்கு மேலும் இருக்கிறது. நீரிழிவுக்காக மாற்றுபவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் குறைவு. வயிற்றை இளக்குவதிலும் இது கெட்டிக்காரன்.

## அல்லுலோஸ்

அத்தியிலும் உலர்திராட்சையிலும் மிகச் சிறிய அளவில் இயல்பாக இருக்கும் சர்க்கரை இது. ஃப்ரக்டோஸின் நெருங்கிய உறவு. உடல் அதை எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவில் 2019 முதல், ஊட்டச்சத்து அட்டையின் சர்க்கரைக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொருளாக விற்க அனுமதி கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கிடைத்தால், வேலைத்திறனில் சர்க்கரைக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன். ஈரம் பிடிக்கும், படிகமாகாது, குளிர்ச்சி இல்லை, உண்மையாகவே நிறம் பிடிக்கும், கேரமல் கூட ஆகும். பிரச்சினை நேர் எதிர்ப் பக்கம். நிறம் அவசரமாகப் பிடிக்கும். உள்ளே வேகாமல் மேலே கறுத்துவிடும் என்பதால் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் குறைத்து, பாதி நேரத்தில் மேலே ஃபாயில் மூட வேண்டும். ஈரப்பிடிப்பு அதிகம் என்பதால் குக்கீஸ் மொறுமொறுப்பாகவே ஆகாது. மிருதுவாக, வளையும்படி இருக்கும். அதிகம் சாப்பிட்டால் வயிறு பொருமுவது இதிலும் உண்டு. விலை எரித்ரிட்டாலைவிட அதிகம்.

எரித்ரிட்டால் உலர்த்தும், இது ஈரமாக்கும். அது நிறம் தராது, இது அள்ளித் தரும். ஆகவே இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுகிறது. சர்க்கரையை முழுமையாக விட்டே ஆகவேண்டியவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கூட்டணியைத்தான்.

## ஸ்டீவியா, மாங்க் ஃப்ரூட்

இரண்டும் தாவரத்திலிருந்து வருபவை (ஸ்டீவியா ஒரு செடியின் இலையிலிருந்து, மாங்க் ஃப்ரூட் ஒரு சீனப் பழத்திலிருந்து), சூடு தாங்குபவை, எடை என்று எதுவும் தராதவை. ஸ்டீவியாவில் அதிமதுரம் போன்ற ஒரு கசப்புப் பின்சுவை உண்டு. அளவு கூடக் கூட அதுவும் கூடும். அதனால் இனிப்பு முழுவதையும் இதனிடம் ஒப்படைக்காமல், ஒரு பகுதியை மட்டும் கொடுப்பது நல்லது. மாங்க் ஃப்ரூட்டின் பின்சுவை சற்று மென்மை.

ஒளிந்திருக்கும் விஷயம் டப்பாவின் பின்புறத்தில் இருக்கிறது. ‘ஸ்டீவியா’ என்று பெரிய எழுத்தில் போட்டு, சர்க்கரைக்குச் சமமாக அளந்து போடலாம் என்று விற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது எரித்ரிட்டாலோ மால்டோடெக்ஸ்ட்ரினோதான். மால்டோடெக்ஸ்ட்ரின் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுச்சத்து. எரித்ரிட்டாலைத் தவிர்க்க நினைத்து மாங்க் ஃப்ரூட் டப்பா வாங்கியவர், பின்னால் படித்தால் முதல் பொருளே எரித்ரிட்டால் என்று காண்பது சகஜம்.

## சுக்ரலோஸும் பழைய ஆட்களும்

சுக்ரலோஸ் ருசியில் சர்க்கரைக்கு நெருக்கம்தான். பேக்கிங்குக்கென விற்கும் துகள் வகை மால்டோடெக்ஸ்ட்ரினால் உப்பவைக்கப்பட்டது. ஒரு கப் 25 கிராம்தான் இருக்கும். கலோரி பூஜ்யம் என்று அட்டையில் இருந்தாலும் ஒரு கப்புக்கு நூறுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று போட அமெரிக்க விதி அனுமதிப்பதே காரணம். 200 கிராம் இருந்த இடத்தில் 25 கிராம் போட்டால் கேக் குள்ளமாக, வெளிறி, சீக்கிரம் வெந்துவிடும்.

சூடு பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 120 டிகிரிக்கு மேல் சூடேறும்போது சுக்ரலோஸிலிருந்து தீங்கு தரக்கூடிய குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்றும், சுட்ட பிறகு சேர்ப்பதே நல்லது என்றும் ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் சொன்னது. மற்ற தேர்வுகள் இருக்கும்போது ஓவனுக்குள் இதை நான் விடுவதில்லை. சுடாத சீஸ்கேக்குக்கும் கிரீமுக்கும் தாராளமாகப் போடலாம்.

அஸ்பர்ட்டேம் சூட்டில் உடைந்து இனிப்பை இழந்துவிடும், பேக்கிங்குக்கு ஆகாது. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. சாக்கரின் சூடு தாங்கும், ஆனால் நாக்கில் உலோகச் சுவை. 1879இல் ஆய்வகத்திலிருந்து கையைச் சரியாகக் கழுவாமல் வந்து சாப்பிட உட்கார்ந்த கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க் அதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியம்தான். அதில் செய்த கேக் அவ்வளவு சுவாரசியம் இல்லை.

## எந்தப் பண்டத்துக்கு எது

- பிரவுனி, சாக்லேட் கேக்: எல்லா மாற்றுக்கும் இடம் கொடுக்கும். கோக்கோவின் கசப்பு, பின்சுவைகளை மறைத்துவிடும். புதிதாக முயல்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.
- மஃபின், பழக் கேக்: பேரீச்சை விழுது, தேன், அல்லது குறைத்த சர்க்கரை.
- வெண்ணெய்க் கேக், ஸ்பாஞ்ச்: பாதிச் சர்க்கரை, பாதி எரித்ரிட்டால் பொடி. முழுதும் மாற்றுவதென்றால் அல்லுலோஸ் கலவை.
- மொறுமொறு குக்கீஸ்: எரித்ரிட்டால். இங்கே அதன் படிகமாகும் குணமே உதவிக்கு வருகிறது.
- மெத்தென்ற குக்கீஸ், கேரமல்: அல்லுலோஸ்.
- ஈஸ்ட் ரொட்டி, பன்: சர்க்கரை ஆல்கஹாலும் அல்லுலோஸும் ஈஸ்ட்டுக்கு உணவாகாது. ஒரு டீஸ்பூன் சர்க்கரையையோ தேனையோ விட்டுவைத்து மீதியை மாற்றுங்கள். அந்த ஒரு டீஸ்பூனில் பெரும்பகுதியை ஈஸ்ட்டே தின்றுவிடும்.
- மெரிங், ஏஞ்சல் கேக்: சர்க்கரை போட்டே செய்யுங்கள், சின்னதாகச் செய்யுங்கள்.

## 200 கிராம் சர்க்கரையை முழுதாக எடுப்பதென்றால்

12 துண்டுக் கேக்குக்கு 100 கிராம் அல்லுலோஸ், 80 கிராம் பொடித்த எரித்ரிட்டால். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையின் இனிப்பைத் தரும். மீதி 80 கிராமுக்குச் சுத்தமான ஸ்டீவியா பொடி 0.3 கிராம். வீட்டுத் தராசில் 0.3 கிராம் நிற்காது. ஒரு கிராமை எடுத்து 10 டீஸ்பூன் நீரில் கரைத்து, அதில் மூன்று டீஸ்பூன் ஊற்றினால் அளவு சரி. பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். துண்டுக்கு எரித்ரிட்டால் 7 கிராமுக்குள் நிற்கிறது, 20 கிலோ குழந்தையின் வரம்புக்கும் உள்ளேதான்.

ஓவனை 15 டிகிரி இறக்கி, பாதி நேரம் ஆனதும் மேலே ஃபாயில் போடுங்கள். ஆறிய கேக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சர்க்கரை இல்லாத கேக் வெளியில் இரண்டு நாள் தாங்குவதே அதிகம். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் வெண்ணெய் இளகி மிருதுவாகும். இன்சுலினோ ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குத் தருவதாக இருந்தால், ஒரு துண்டில் மாவிலிருந்து வரும் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தளவுக்கு அவர் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். மருந்தளவை மாற்றுவது மட்டும் அவருடைய மருத்துவர் சொல்லித்தான்.